எலி கடித்த ஆறு செல்கள்

1. கேக் மாஸ்டர் போட்ட சத்தம்

இன்வெர்ட்டர் நாலு தடவை கூவிவிட்டு அணைந்தபோது நான் ரெயின்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. திருவொற்றியூரில் ஜெபராஜ் அண்ணாச்சியின் பேக்கரி அது. மூன்று நாளாக மழை மூட்டம், மொட்டை மாடி சோலார் பேனல்கள் பேருக்குத்தான் வேலை செய்தன. கால் மணி நேரம் முன்புதான் ஏரியா முழுக்க கரண்ட் போயிருந்தது. உள்ளே கோல்ட் ரூமில், அன்று மாலை அண்ணாச்சி மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டிய மூன்றடுக்கு கேக் இருந்தது.

கேக் மாஸ்டர் தாஸ் அண்ணன் கொருக்குப்பேட்டைக்காரர். அவர் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

"யம்மா சோலாரு! கம்ப்ரசர் நின்னுபோச்சு! பட்டர் கிரீமும்மா அது. இன்னும் கொஞ்ச நேரம் போனா மேல் மாடி கீழ் மாடில வந்து குந்திக்கும்!"

அந்தக் கடையில் எனக்குப் பெயரே சோலாருதான். சோலார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், தனியாகப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்த முதல் சைட். "இன்னொரு வாட்டி ட்ரிப் ஆச்சுன்னா சைட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன். நீ ஸ்டோர்ல உக்காந்து நட்டு எண்ணிகினு இரு" என்று எங்கள் மேனேஜர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் சொல்லாமல் கொள்ளாமல் வியாசர்பாடியிலிருந்து மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

2. எலி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே பேட்டரி ரூமில் இருந்தது இரண்டு வோல்ட் செல் இருபத்துநாலு. எல்லாம் சீரிஸில், ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி, மொத்தம் 48 வோல்ட். கூட்டுத் தொகை இறங்கினால் இன்வெர்ட்டர் மொத்தத்தையும் நிறுத்திவிடும். ஆறு செல் சோர்ந்துவிட்டால் மிச்சம் பதினெட்டும் தெம்பாக இருந்து பயனில்லை.

சோர்ந்தது எப்போதும் ஒன்றிலிருந்து ஆறு வரைதான். ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டால் மற்றதெல்லாம் 1240 காட்டும், இந்த ஆறும் 1180-ஐத் தாண்டாது. ஈக்வலைசிங் போடுவேன். அதாவது வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி, எல்லா செல்லும் ஒன்றுபோலக் கொதிக்கும்வரை சார்ஜ் கொடுப்பது. கொதிக்கும், சமமாகும், கும்பிடு போட்டுவிட்டு வருவேன். இரண்டே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. வாரண்டியில் ஆறு புது செல் வாங்கி மாற்றினேன். அவையும் படுத்துக்கொண்டன.

ஒரே ஒரு தடயம் இருந்தது. ஒன்றாம் செல்லின் டெர்மினலிலும் ஆறாம் செல்லின் டெர்மினலிலும் பொடிப்பொடியாகப் பல் பதிந்திருந்தது. ஈயம் மெத்தென்று இருக்கும், அழுத்தினாலே தடம் விழும். பேக்கரியில் பல் தடம் என்றால் வேறு யார்? மேனேஜருக்குப் போகும் ஜாப் கார்டில் கொட்டை எழுத்தில் "எலி" என்று எழுதினேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. காசிமேட்டிலிருந்து கருவாடு வாங்கி வந்து பொறியும் வைத்தேன். எலி மாட்டவில்லை. பேட்டரி ரூம் நாறியதுதான் மிச்சம்.

"எலிக்கு இன்னாத்துக்கும்மா பேட்டரி? எங்க கடைல இவ்ளோ கேக் கீதே!" என்று தாஸ் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். நான்தான் காதில் வாங்கவில்லை.

3. காற்று

இப்போது இருட்டுக்கு வருகிறேன். கல்லாவில் அண்ணாச்சி பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே ஈரத்தோடு நின்றேன். எனக்குக் குளிரெடுத்தது. மழையில் நனைந்தால் குளிரும்தான், ஆனால் முடி ஏன் பறக்கிறது?

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி தலைக்கு மேல் ஒரு பழைய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போகும்போதெல்லாம் அது ஓடாமல் தொங்கும். சும்மா அழகுக்கு மாட்டியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, கடையே அணைஞ்சி கீது. இந்த ஃபேன் மட்டும் எப்டி ஓடுது?"

அவர் முகத்தில் பெருமை பொங்கியது. "அதாம்மா சூட்சுமம். சாத்தாங்காட்டுல பழைய சாமான் கடையில வாங்குனேன். மீன்பிடி போட்டுல மாட்டுத பன்னெண்டு வோல்ட் ஃபேன். உங்க இன்வெர்ட்டர் நின்னாலும் இது நிக்காதுல்லா!"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கல்லாவுக்குப் பின் சுவரில் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் பேட்டரி ரூம். ஒன்றாம் செல்லில் கறுப்புக் கிளிப், ஆறாம் செல்லில் சிவப்புக் கிளிப். பல் வைத்த முதலைக் கிளிப்! ஆறு செல் சேர்ந்தால் பன்னிரண்டு வோல்ட் என்று கணக்குப் போட்டு, இராப்பகலாக அந்த ஆறிடம் மட்டும் கறந்திருக்கிறார். நான் வருகிறேன் என்று போன் வந்தால் கழற்றி ஒளித்துவிடுவார், வாரண்டி போய்விடுமோ என்ற பயம். இன்று நான் போன் செய்யவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சிரிப்பு. கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எலியைப் பிடித்தவள்போலச் சிரித்தேன்.

"சிரிச்சிகினு கீறியே, கேக்கு சாயுதும்மா!" என்றார் தாஸ் அண்ணன்.

சட்டென்று மூளை வேலை செய்தது. குறை ஆறு செல்லில்தான், பன்னிரண்டு வோல்ட். கேக் டெலிவரி வேனும் பன்னிரண்டு வோல்ட்.

வேனைப் பின்கதவு வரைக்கும் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். வேன் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிளை அந்த ஆறு செல்லுக்கு மட்டும் குறுக்கே போட்டேன், பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். எஞ்சின் அடங்காமல் ஓட வேண்டும். டிரைவர் மண்டபத்துக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தார். ரிவர்ஸ் எடுத்த அண்ணாச்சியே சீட்டில் இருந்தார்.

"அண்ணாச்சி, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்கவே கூடாது!"

"ஏம்மா, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துருவாங்கம்மா!"

"கேக்கு வேணுமா, வாணாமா?"

அழுத்தினார். மீட்டர் மேலே ஏறியது. ரீசெட் பட்டனைத் தட்டினேன். இன்வெர்ட்டர் ஒரு விசில் அடித்தது, கம்ப்ரசர் உறுமியது. தாஸ் அண்ணன் மைதா கையோடு போட்ட ஆட்டத்தில் எங்கள் எல்லோர் தலையும் நரைத்தது. முக்கால் மணி நேரம் பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு ஓடாத வேனை ஓட்டினார். கரண்ட் வந்தது. கேக் நிமிர்ந்து நின்றபடியே மண்டபத்துக்குப் போனது.

4. எலி யார்?

மேனேஜருக்கு போன் போட்டேன். "ட்ரிப் ஆச்சு சார்" என்று ஆரம்பிக்கும்போதே அண்ணாச்சி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீய. கார்டுல எழுதியிருக்க எலி நாந்தான்."

மேனேஜர் சிரித்தது தாஸ் அண்ணன் வரைக்கும் கேட்டது. சைட் என்னிடமே இருந்தது. அடுத்த வாரம் 48-ஐப் பன்னிரண்டாக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வைத்தேன். அந்த ஃபேன் இன்றும் ஓடுகிறது, இருபத்துநாலு செல்லிடமும் சமமாக வாங்கிக்கொண்டு. கடைசியாக ஒரு ஈக்வலைசிங் போட்டு, ஒன்று முதல் இருபத்துநாலு வரை 1240 வந்ததும் ஹைட்ரோமீட்டரோடு தனியாக ஒரு குத்து ஆடினேன். அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளைகளே, செல் ஏறி இறங்கி நின்றால் செல்லை மட்டும் குடையாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எது இன்னும் ஓடுகிறது என்று பாருங்கள். கண்ணால் பார்க்காத எலியை ஜாப் கார்டில் எழுதாதீர்கள்.

நான் மறந்தாலும் தாஸ் அண்ணன் விடுவதாக இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு கேக் வரும். மேலே சர்க்கரையில் செய்த எலி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் வாயில் கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு கிளிப். இடுப்பில் பட்டு வேட்டி.