சிரிப்பு நடிகரின் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்

நம்மூரில் பிறந்த பழைய சிரிப்பு நடிகருக்கு இன்று திருவண்ணாமலையில் விழா எடுத்தார்கள். கல்யாண மண்டபத்தில் இருபது பேர்தான் இருந்தோம்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த அவர் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும்.

"அப்பா சீனுக்கு ஜனங்க சிரிக்கறத கேட்டு ரொம்ப நாளாச்சு. அதான் வந்தேன்" என்றார்.

திரையில் அவருடைய அப்பாவின் காட்சிகளைப் போட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் மட்டும் சத்தமாகச் சிரித்தேன். அடுத்த காட்சிக்கும் சிரித்தேன்.

அவர் என் கையைத் தொட்டார்.

"கஷ்டப்பட்டு சிரிக்காதீங்க தம்பி. எனக்கே சிரிப்பு வரல."

படம் முடியும் முன்பே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

நான் சிரித்ததைப் பார்த்து, அடுத்த வருஷ விழாக் கமிட்டியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். துணைக்கு யாராவது வருகிறீர்களா?