பன்னை ஏன் எடுத்தீங்க?

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் கதை எழுதுவார். கதை எழுதுவது எப்படி என்று எங்கே போட்டிருந்தாலும் விடமாட்டார். 'கண்ணால் பார்த்ததை எழுது', 'அலங்காரத்தைக் குறை', 'எழுதியதை வாய்விட்டுப் படி' எல்லாம் மனப்பாடம். வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கிற பாக்கியம் மனைவிக்கு. "நல்லா இருக்குங்க" என்பாள், கண்ணை மூடியபடியே.

அனுப்பிய கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. கடைசியில் ஒன்று வாரப் பத்திரிகையில் வந்தேவிட்டது. மனைவி பிரசவ வலியில் துடிக்க, வெளியே நின்று வாய் நிறையப் பன் தின்கிற புருஷனின் கதை. படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் கூடுதலாகவே சிரித்தார்கள். அது யாரென்று அவர்களுக்குத் தெரியும். அவருடைய சகலை, மனைவியின் தங்கை புருஷன், பேக்கரி வேன் ஓட்டுகிறவர்.

அதன் பிறகு சகலை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை.

"எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி," என்றாள் மனைவி. "போய்ப் பேசிட்டு வாங்க."

மறுநாள் காலையில் பேக்கரிக்குப் போனார். சகலை ரொட்டித் தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சகலை, கோபமா?"

"நீங்க எழுதினது பொய்யில்லையே. தின்னேன். நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க." ஒரு தட்டை உள்ளே தள்ளினார். "எதுக்குத் தின்னேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இவர் இல்லையென்று தலையாட்டினார்.

"ரெண்டு உசுருல எது தங்கும்னு சொல்ல முடியாதுன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போச்சு. வாயைத் திறந்தா அலறிடுவேன் போல இருந்துச்சு. உள்ள அவ காதுல விழக் கூடாதேன்னு கையில இருந்ததைத் திணிச்சேன்."

இவர் மிச்சத் தட்டுகளை எடுத்துக் கொடுத்தார். சகலை வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்த வாரமே கதையைத் திருப்பி எழுதி எடுத்துப் போனார். சகலை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து படித்தார்.

"யாரு சகலை இது? கண்ணை மூடி நிக்கிறாரு, எல்லாருக்கும் ஆறுதல் சொல்றாரு. பெரிய மகான் போல இருக்காரே!"

"நீங்கதான்."

"பன்னு எங்க?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"பன்னை ஏன் எடுத்தீங்க? தின்னவன் நான்தானே. அது இல்லன்னா இது வேற யாரோ."

இருவரும் சிரித்தார்கள். சகலை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னும் அதைத் தின்ற காரணமுமாக மூன்றாவது முறை எழுதியதை மைத்துனியிடம் கொடுத்தார். முதல் கதைக்கு அதிகம் சிரித்தவள் அவள்தான். படித்து முடித்ததும் மடியில் இருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். வெளியே புருஷன் வேன் கழுவிக்கொண்டிருந்தார். இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவருக்கும் எழுத்துப் பைத்தியம் உண்டு. ஏதாவது யோசனை சொல்லுங்க என்று ஒருநாள் கேட்டார்.

"பார்த்ததை எழுதுங்க. ஆனா எழுதுறதுக்கு முன்னால அந்த ஆளுகிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அப்புறம் அவரை நல்லவராக்கிக் கெடுத்துடாதீங்க," என்றார் இவர்.

புதிய கதையைப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. சகலைக்குத்தான் பொறுக்கவில்லை. வாராவாரம் வந்து, "அந்த ஆசிரியர் லீவுல போயிட்டாரா என்ன?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.