ஊர்க் குரல்

கோயில் வாசலில் நான் செருப்புக்குக் காவலிருந்தபோது, வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு கைடு வருவார். ஒல்லியான ஆள், சாயம் போன கோட்டு. வந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். பலரைச் சேர்த்துக் கூப்பிட அவர்களிடையே ஊருக்கு ஒரு சொல் உண்டாம். சிலருக்கு ‘கைஸ்’, சிலருக்கு ‘யூஸ்’.

ஒருநாள் டெக்சாஸ்காரர்கள் ஆறேழு பேர் பூட்ஸோடு கொடிமரத்தைத் தாண்டிவிட்டார்கள். “சார்! ஸ்டாப்!” என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. உள்ளே கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்கள்.

பஸ் டிரைவரிடம் பேசிவிட்டு அப்போதுதான் வந்த கைடு, “யால்!” என்றார். அதட்டலில்லை; வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அத்தனை பேரும் சட்டென்று நின்றார்கள். அவர் தன் வெறுங்காலைக் காட்டினார். பூட்ஸ்கள் கழன்றன.

பூட்ஸ்களை அடுக்கிக்கொண்டே கேட்டேன்: “யோவ் கைடு, எப்டியா நின்னானுங்க?”

“அவங்க ஊட்ல எல்லாரையும் ‘யால்’னு கூப்புட்ற மாதிரி கூப்ட்டேன்பா. நீ ‘சார்’னா, யாரையோ கூப்புட்றன்னு நெனச்சிக்கினு போறாங்க.”

அவர் வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. வாசலில் எல்லோருக்கும் அவர் ‘யோவ் கைடு’தான். அதற்கும் அவர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார்.