நிலோஃபர் சொன்ன உவமை

நிலோஃபரும் நானும் கூத்தாநல்லூரில் ஒரே பள்ளியில் படித்தோம். நான் ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். அவள் தஞ்சாவூரில் மொழியியல் ஆய்வில் சேர்ந்தாள். நோயாளிகள் தங்கள் நோயை எதனோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள் என்பது அவள் தலைப்பு. தமிழோடு பாரசீகத்தையும் வைத்துப் பார்க்க, இணையத்தில் ஓர் ஆசிரியரைப் பிடித்துப் பாரசீகம் கற்றாள். இதைப் படித்தால் துபாயில் வேலை கிடைக்குமா என்று சவுதியின் தம்மாமில் இருக்கும் அவள் அண்ணன் சைபுல்லா கேலி செய்வான்.

பாரசீக வாக்கியம் அவளுக்குப் பிடித்துப்போன காரணத்தை ஒருமுறை சொன்னாள். அங்கே 'டாக்டர் சொன்னார்' என்பது முதலில் வரும், அடுத்து 'கெ' என்று ஒரு சின்னச் சொல், அதன் பிறகே செய்தி. கேட்பவர் மூச்சை இழுத்துக்கொள்ள நேரம் உண்டு. தமிழில் செய்தி முன்னால் வந்து விழுந்துவிடும். 'என்று டாக்டர் சொன்னார்' பின்னால்தான் வரும். அதனால்தான் பேச்சில் நாம் 'டாக்டர் என்ன சொன்னாருன்னா' என்று இழுக்கிறோம் என்பாள். அப்போது அது வெறும் ஆய்வு.

போன வருஷம் அவள் அம்மா ஆமினாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அந்தப் பெயரை நோயாளியின் காதில் போடுவதில்லை. டாக்டரும் வீட்டாரைத் தனியே கூப்பிட்டுத்தான் பேசினார். நீர்க்கட்டி, ஊசியில் கரைந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னான் சைபுல்லா. ஆமினாவும் நம்பினார். ஆனால் ஊசி ஏற ஏற வாயெல்லாம் புண். முடி கொட்டியது. ஒரு நீர்க்கட்டிக்கா இவ்வளவு பாடு என்று கேட்டு, அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்றார் டாக்டர். நிலோஃபர் கெஞ்சினாள், அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். நடக்கவில்லை.

"பேரைச் சொன்னா அம்மா அன்னைக்கே படுத்துடும்" என்றான் சைபுல்லா போனில். "நீதான் இதப் பத்திப் படிக்கிறியே, வேற எப்படியாவது சொல்லிக் கூட்டிட்டுப் போ."

வேறு எப்படியாவது சொல்வது எப்படி என்று அவள் தன் ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். திருவாரூர்ப் பக்கத்து விவசாயி வைரக்கண்ணு, வயிற்றில் புற்றுநோய் வந்தவர், அதில் நெல் பூச்சி ஒன்றை வைத்துப் பேசியிருந்தார்: "உள்ள புகையான் விழுந்திருக்கும்மா. மேலாக்கப் பாத்தா பச்சையாத்தான் இருக்கும். வெலக்கிப் பாத்தாத்தான் தூர்ல பூச்சி ஒக்காந்து உறிஞ்சுறது தெரியும்." பெயரும் வராது, ஆபத்தும் புரியும். கிடைத்துவிட்டது என்று அவள் எனக்கு அனுப்பிய குரல்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

மாலை அசர் தொழுது முடித்து ஆமினா பாயைச் சுருட்டும்போது அதை அப்படியே சொன்னாள். நீர்க்கட்டி இல்லை, நெல்லில் புகையான் விழுவது மாதிரி; மருந்து அடிக்காவிட்டால் திட்டுத் திட்டாகக் கருகிவிடும்.

ஆமினா தலையில் முடி போன இடங்களைத் தடவினார்.

"உங்கத்தா கடையில நான் எத்தனை வருஷம் ஒக்காந்திருக்கேன். திட்டு தெரிஞ்சப்புறம் வர்றவங்ககிட்ட அவர் என்ன சொல்லுவாரு? இனிமே அடிச்சுப் பிரயோஜனம் இல்லைங்க, வீட்டுக்குப் போங்கன்னுவாரு. மருந்து விக்கிற மனுஷனே சொல்லுவாரு. எனக்குத்தான் திட்டு விழுந்தாச்சே."

நிலோஃபரின் அப்பா மூஸா மன்னார்குடியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்து இறந்தவர். வைரக்கண்ணுவின் புகையான் வயலில் நின்று, கருகுவதற்கு முன்பே தூரை விலக்கிப் பார்த்தவருடையது. ஆமினாவுக்குத் தெரிந்தது கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் கேட்ட புகையான். யார் எங்கே நின்று ஒரு சொல்லைக் கற்றார்கள் என்று பார்ப்பதே தன் வேலையாக இருந்தும், அம்மாவிடம் நிலோஃபர் அதைப் பார்க்காமல் விட்டாள்.

அதன் பிறகு ஆமினா ஊசி வேண்டாம் என்று மறுக்கக்கூட இல்லை, போகவும் இல்லை. துணிமணிகளைப் பிரித்து யாருக்கு எது என்று வைக்க ஆரம்பித்தார். நிலோஃபர் எனக்குப் போன் செய்வாள். ஊரிலிருந்து அழைப்பு வந்தாலே அங்கே இப்போது மணி என்ன என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

கடைசியில் அண்ணனைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். புற்றுநோய் என்றாள். மருந்து இருக்கிறது, நாள் தள்ளிப்போய்விட்டது என்றாள். ஆமினா ஒன்றுதான் கேட்டார்.

"போட்டா தேறுமா?"

"தெரியலம்மா. போடாம விட்டா தேறாது."

ஆமினா வெளியே போகும்போது போர்த்தும் துப்பட்டியை எடுத்துவரச் சொன்னார்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வழக்கம்போல மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஈரலுக்குப் போய்விட்டது, முழுக்கக் குணமாக்க இனி முடியாது, மருந்தை மாற்றிக் கொஞ்சகாலம் தள்ளலாம் என்றார். வெளியே பெஞ்சில் அம்மா. போனில் சைபுல்லா வரிசையாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான்: சொல்லாதே, சொல்லாதே.

நிலோஃபர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொல்றாருன்னா..." என்று இழுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "ஈரலுக்கும் போயிடுச்சாம்மா. குணமாக்க முடியாதாம். மருந்த மாத்திக் கொஞ்ச காலம் தள்ளலாமாம்."

பக்கத்தில் யாரோ டோக்கன் எண்ணைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

"இனிமே எதுன்னாலும் எங்கிட்ட மொதல்ல சொல்லு புள்ள" என்றார் ஆமினா. "ஒங்கண்ணனுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

பிறகு மாற்றிய மருந்தை எந்தக் கையில் ஏற்றுவார்கள் என்று கேட்டார்.