சந்தனத்து மேல போட்ட பழி

நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறைல இருபது வருசம் பெயிண்ட் அடிச்சவன் நான். முட்டி தேஞ்சு ஏணி ஏற முடியாமப் போனப்புறம், குட்டி லாரி மாடல் செய்யற ஒரு கடைல சேந்தேன். அச்சுல ரெசின்னு கெட்டியாகற பிசின ஊத்தி, பாகம் பாகமா எடுத்து, பெயிண்ட் அடிச்சு, கண்ணாடிப் பெட்டில வெச்சுக் குடுக்கற வேலை.

மொத நாளே ஓனரம்மா சொன்னாங்க: "அண்ணா, பாகம் அச்சுல ஒட்டாம வர்றதுக்கு எண்ணெயாட்டம் ஒரு ஸ்ப்ரே அடிக்கறோமுங்க. அது பாகத்து மேலயே நிக்கும். சோப்புத் தண்ணில பிரஷ் போட்டுத் தேச்சு, காய வெச்சுட்டுத்தான் பிரைமர் அடிக்கோணும். இல்லீன்னா அந்த அடிப்பூச்சு பிடிக்காதுங்க."

நான் மனசுக்குள்ள சிரிச்சேன். பத்து வீல் லாரிக்கே பெயிண்ட் அடிச்ச கை இது. சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட இதென்ன கைக்கொழந்தையா? அவங்க கடைல இருந்தாக் கழுவுவேன். இல்லீன்னா துணில ஒரு தொடை, வாட்டர் பேப்பர்ல ஒரு தேய், பிரைமர். அவ்வளவு திமிரு எனக்கு.

எருமப்பட்டி வண்டி

எருமப்பட்டில இருந்து ஒரு அம்மா போட்டோவோட வந்தாங்க. வீட்டுக்காரர் சொந்த லாரி ஓட்டினவர். வாதம் வந்து படுத்துட்டார், லாரியும் வித்தாச்சு.

"அந்த வண்டியாட்டமே ஒண்ணு செஞ்சு குடுங்ணா. கட்டல்ல இருந்தே பாத்துட்டுக் கெடக்கட்டும் மனுசன்."

ஆயுத பூசைக்கு வேணும்னாங்க. அவசரத்துல கேபினக் கழுவல. பிரைமர் என்னமோ வழுவழுன்னு நல்லாத்தான் நின்னுச்சு. மேல செவப்பு அடிச்சுக் குடுத்துட்டேன்.

பூசை முடிஞ்ச மறுநாளே வண்டியத் தூக்கிட்டு வந்துட்டாங்க. கேபின் நெத்தில வெச்ச சந்தனப் பொட்டு காஞ்சதும் ஈரத்துணில தொடச்சிருக்காங்க. பொட்டோட பெயிண்ட்டு, பெயிண்ட்டோட பிரைமருன்னு தோலாட்டம் உரிஞ்சு வந்துருச்சு. உள்ள ரெசின் பல்லக் காட்டுது.

பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா பக்கத்துல ஓனரம்மா நிக்கறாங்க.

"ஏனுங்கம்மணி, மாடலுக்குப் போயி யாராச்சும் சந்தனம் வெப்பாங்களா? ஈரம் ஊறிப் பெயிண்ட்டத் தூக்கிருச்சு பாருங்க."

அந்தம்மா மொகம் சுருங்கிப் போச்சு. "தெரியாமப் பண்ணிட்டனுங்ணா, மன்னிச்சுக்கங்க"ன்னாங்க. நானும் பெரிய மனுசனாட்டம், "செரி உடுங்க, பண்ணித் தாரேன்"ன்னேன். தூ! நெனச்சா இப்பவும் ஒடம்பு கூசுது.

இந்தத் தடவை பெயிண்ட்ட முழுசா எடுத்துட்டு, ரெண்டு தரம் சோப்புல கழுவுனேன். ஒரு நாள் காய வெச்சேன். காத்துக் குமிழி விட்ட ஓட்டையெல்லாம் பட்டி வெச்சுத் தேச்சு, பிரைமர மெல்லிசா ரெண்டு கோட் அடிச்சேன். டேப் ஒட்டி இழுத்துப் பாத்தேன், துளி கூட உரியல. சந்தனம் என்ன பண்ணுச்சு, பாவம்!

ஒரு வாரங் கழிச்சு நானே பஸ்ல கொண்டு போனேன். அவர் கட்டல்ல சாஞ்சிருந்தார். வாய் கொழறுச்சு, ஆனாப் புரிஞ்சுது.

"பதினெட்டு வருசம் ஒரு கீறல் உழுகாம ஓட்டுனனுங்க. இவ கைல ஒரு நாள் தாங்கல."

அந்தம்மா தரையப் பாத்துட்டு நின்னாங்க. எங்கிட்டக் கொரலத் தாழ்த்தி, "அன்னீலருந்து எங்கூட மொகங் குடுத்துப் பேசறதில்லீங்ணா"ன்னாங்க.

அப்படியே வண்டியக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்திருப்பேன், பாழாப்போன கால்தான் நகரல.

"அவங்க மேல தப்பில்லீங்க. நாந்தான் கழுவாம அடிச்சேன். அன்னைக்குக் கடைல பொய்யும் சொன்னேன்."

அவர் என்னைய ஒரு வார்த்தை திட்டல. சம்சாரத்தையே பாத்துட்டிருந்தார். அந்தம்மா உள்ள போயி சந்தனக் கிண்ணத்த எடுத்தாந்தாங்க. வெரல்ல தொட்டாங்க, ஆனா வெக்கல. என்னையப் பாத்தாங்க.

"இப்ப வெக்கலாமுங்ளாண்ணா?"

அவங்க வண்டிக்கு அவங்க பொட்டு வெக்க, எங்கிட்ட அனுமதி! தலைய ஆட்டுனேன்.

திரும்பி வந்ததும் ஓனரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். வேலை போகல, ஆனா ரொம்ப நாளைக்கு என் பாகத்தையெல்லாம் அவங்களே தொட்டுப் பாத்துட்டுத்தான் பிரைமருக்கு உட்டாங்க. நியாயந்தான்.

புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க பாகத்தக் கழுவுங்க. அதை எந்தக் கடைலயும் சொல்லிக் குடுப்பாங்க. நான் கத்துக்கிட்டது வேற. உரிஞ்சு போச்சுன்னு யாராவது கொண்டாந்து நீட்டுனா, "நான் கழுவுனனா?"ன்னு எங்கிட்டயே மொதல்ல கேட்டுட்டுத்தான் இப்ப வாயத் தொறக்கறேன்.