தோல் ஆறும்வரை நின்ற கல்யாணம்

"…கோவிலுக்கு வரட்டும், வேணாங்கல. அதுக்காகத் தாம்பாளத்த அவ கையில குடுக்கணுமா? நெஞ்சுல ஒண்ண அறுத்துப் போட்டுட்டு வந்த மூளி. இது கல்யாணக் காரியம். அங்கன ஓரமா உக்காந்து பூப்பொட்டலம் மடிக்கச் சொல்லுங்க, போதும்."

சொன்னது என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. நான் பத்தடி தள்ளித் தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அவள் மகளுக்குப் போடியில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. வைகாசியில் கல்யாணத்தை வைக்கலாமா என்று குலசாமியிடம் கேட்க, அனுமந்தன்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் அம்மன் கோவிலுக்குச் சித்திரையில் போயிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வழக்கப்படி வெள்ளரளியில் ஒரு பொட்டலமும் செவ்வரளியில் ஒரு பொட்டலமும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து, நார் சுற்றி, அம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் நடத்தலாம். சிவப்பு வந்தால் தை பிறக்கும்வரை பேச்சையே எடுக்கக் கூடாது. எடுக்காத பொட்டலம் சாமிக்கு. அதை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அந்த வைகாசியோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது.

முந்தின ஆவணியில் மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் என் இடது மார்பை எடுத்தார்கள். பிறகு ஐந்து வாரம் கரண்டு வைத்தார்கள். டாக்டர்கள் அதைக் கதிர்வீச்சு என்பார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது கரண்டுதான். நெஞ்சுத் தோல் கறுத்து, வறண்டு, அக்குளோரம் வெடித்து நீர் கசிந்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த கம்பத்துக்காரி, "சுட்ட கத்திரிக்கா மாதிரி ஆயிட்டேன்டி. இப்படியே உரிச்சாத் தொவையல் அரைச்சிரலாம்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தோம். சிரித்தால் தோல் இழுத்து வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தோம். அந்த மாதிரிப் பேச்சை எங்கே கேட்டாலும் நான் முடிந்து வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு நின்றவளுக்கு வேறு சொத்து ஏது?

வீடு திரும்பியதும் ஓரகத்தி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "துணியச் சுருட்டி வச்சிருக்கியாக்கும்? பாத்து நட. சந்தையில விழுந்துறப் போகுது" என்றாள். ரேசன் கடை வரிசையிலும் அதையே சொல்லிச் சிரித்தாளாம். எனக்கே வந்து சொன்னார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அவள் மகள் கல்யாணத்தில் பந்தக்காலுக்கு மஞ்சள் பூசும் ஐந்து சுமங்கலிகளில் சித்திக்காரி நான்தான் முதல் ஆள். நிறைந்த உடம்போடு அவள் கண்ணுக்கு நேராக அங்கே போய் நிற்பேன். முதுகுச் சதையைத் தோலோடு திருப்பி முன்னால் கொண்டுவந்து மார்பு செய்கிற டாக்டர் ஒருவர் மதுரையில் இருக்கிறார் என்று நர்சம்மா ஒருத்தி சொல்லியிருந்தாள். தை மாதம் அவரிடம் போனேன்.

அவர் என் நெஞ்சுத் தோலை இரண்டு விரலால் கிள்ளப் பார்த்தார். பிடிக்கே வரவில்லை.

"பலகை மாதிரி இருக்கும்மா. இதுல தையல் போட்டா நிக்காது, பிரிஞ்சிரும். கசிவு நிக்கணும், நல்லாக் காயணும், கிள்ளினாத் தோல் தனியா எழும்பி வரணும். அப்புறம் வாங்க."

"வைகாசியில கல்யாணம் வைக்கப் போறாக, டாக்டர்."

"கல்யாணத்துக்குத் தேதி வைக்கலாம். தோலுக்கு நான் தேதி வைக்க முடியாது."

அத்தனை வார்த்தையில் 'காயணும்' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாங்கள் சின்னமனூர்ப் பக்கம் திராட்சை போட்டிருந்தோம். மழை ஈரத்தில் இலைக்கு நோய் வந்தால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்போம். இரண்டாம் நாள் எல்லாம் காய்ந்துவிடும். மாட்டுக் குளம்புப் புண்ணுக்கும் என் வீட்டுக்காரர் அதைத்தான் ஊற்றுவார். கொடியைக் காயவைப்பது என்னைக் காயவைக்காதா? தொட்டியில் மிச்சமிருந்த நீலத் தண்ணீரைத் துணியில் நனைத்து நெஞ்சில் போட்டுக்கொண்டேன். முதல் நாள் இறுகிக் காய்ந்தது. வைகாசியைப் பிடித்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் துணியை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

"ஏ ஆத்தா! கொடிக்கு அடிக்கிறத உடம்புலயா அடிச்ச? நீ என்ன பன்னீர்த் திராச்சையா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். கத்திவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செத்த தோலை வெட்டி எடுத்தபடியே சொன்னார்: "இந்தப் புண்ணு மூடவே ரெண்டு மாசம் ஆகும். மூடுன பிறகு ஆறு மாசம் அதை யாரும் தொடக்கூடாது. ஐப்பசிக்கு முன்னாடி கத்தி எடுக்க மாட்டேன். வைகாசிய மறந்துருங்க."

மறக்கிற ஆளா நான்?

ஆக, சித்திரையில் அந்தக் கோவிலில், ஓரமாகப் போய்ப் பூப்பொட்டலம் மடிக்கச் சொன்னபோது நேராகப் பூப் பறிக்கப் போனேன். கோவிலுக்குப் பின்னால் வெள்ளரளியும் செவ்வரளியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நான் செவ்வரளியை மட்டும் பறித்தேன். இரண்டு பொட்டலத்துக்கும் அதுதான். நீயும் பொம்பளதான, உனக்கே தெரியும் என்று அம்மனிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே நார் சுற்றினேன். கையில் தாம்பாளம் கொடுத்திருந்தால் எனக்கு இது வாய்த்திருக்காது. ஓரமாக உட்காரவைத்தது அவள்தான்.

பூசாரி எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

ஓரகத்தி முகம் செத்துப்போனது. பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆத்தா சொல்லிட்டா. தை வரட்டும்" என்றாள். அதைக் கேட்க அவ்வளவு இனிப்பாக இருந்தது. கல்யாணப் பெண் மட்டும் என்னிடம் வந்து, "சித்தி, அவுக அதுவரைக்கும் காத்திருப்பாகளா?" என்று கேட்டாள். "காத்திருப்பாக" என்றேன். நல்லவேளை, காத்திருந்தார்கள். இல்லாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அது ஒன்றுதான் என்னைக் குத்தியது. மற்றபடி நன்றாகத் தூங்கினேன்.

புண் மூடியது. தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, கிள்ளிப் பார்ப்பேன். கிள்ளும்போதெல்லாம் ஓரகத்தி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொள்வேன். ஆனியில் அசையவே இல்லை. ஆடியில் அரிசியளவு எழும்பியது. புரட்டாசியில் தோசை ஓரம் கிளம்புவது போலத் தோல் கிளம்பி வந்தது. எழுந்து போய் என் வீட்டுக்காரரைக் கிள்ளச் சொன்னேன். கிள்ளிவிட்டுச் சிரித்தார்.

ஐப்பசியில் அறுவை நடந்தது. ஒரு ஓரத்தில் நகமளவு கறுத்தது. டாக்டர் தினமும் வந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். "காத்திருந்ததால நகத்தோட போச்சு. வைகாசியில செஞ்சிருந்தா மொத்தமும் போயிருக்கும்" என்றார். புதிதாக வந்ததை அழகு என்று சொல்ல மாட்டேன். கறுத்த நெஞ்சின் நடுவில் முதுகுத் தோல் வெளுப்பாக, படகு மாதிரி ஒட்டியிருந்தது. தொட்டால் உணர்வில்லை. ஆனால் ஜாக்கெட்டுக்குள் துணி வைக்க வேண்டியதில்லை.

தையில் பந்தக்கால் அன்றைக்கு யாரும் கூப்பிடும் முன்பே முதல் ஆளாகப் போய் நின்றேன். ஓரகத்தி மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். என் சேலை மடிப்பைச் சரி செய்வது போல நெருங்கி, இடது பக்கம் விரலால் அமுக்கினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலைத்தான் பார்த்தேன்.

"வேணும்னா ஊசியால குத்திப் பாருங்கக்கா. வலிக்காது. துணியில்ல, என் சதை."

அவள் விரலை எடுத்தாள். நான் அவள் காதோரம் குனிந்தேன்.

"இன்னொண்ணு. அன்னிக்கு என்னைய மடிக்கச் சொன்னீகளே பொட்டலம், ரெண்டுலயும் செவப்புத்தான்."

அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. அம்மன் கொடுத்த உத்தரவு என்று ஒன்பது மாதம் பூசையில் வைத்திருந்து, பந்தக்கால் குழியில் போட முடிந்து கொண்டுவந்திருந்தாள் அந்தப் பொட்டலத்தை. "என்னக்கா, நேரம் போகுதுல்ல?" என்று பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் நின்றார்கள். அவள் வாயைத் திறந்தால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னையே பார்த்தபடி மஞ்சள் கிண்ணத்தை என் கையில் வைத்தாள். முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தைக் குழிக்குள் போட்டாள். அது கண்ணுக்குத் தெரியாமல் முங்கும்வரை சொம்புப் பாலையும் அதன் மேலேயே ஊற்றினாள்.