வெர்னாவுக்குத் தெரியாத மீன்

துடைத்த கண்ணாடியை ஊதி, சட்டை ஓரத்தில் இன்னொரு முறை துடைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார் வெர்னா. கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "இந்தாங்க. மூக்கு வலிக்கும், தலை வலிக்கும். வேற ஒண்ணும் நடக்காது."

அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் திரையரங்கில் பத்தொன்பது வருடமாக முப்பரிமாணப் படத்துக்குக் கண்ணாடி கொடுப்பவர் அவர்தான். பக்கத்தில் நான் பாப்கார்ன் விற்கிறேன். வெர்னாவுக்கு வயது அறுபத்துமூன்று, பனிக்காலம் முழுக்க ஒரே சிவப்புக் கம்பளித் தொப்பி. காபி ஊற்றும்போது குடுவையின் மூக்கைக் கோப்பை விளிம்பில் முட்டவைத்துக்கொள்வார். நிதானக்காரர் என்று நினைத்திருந்தேன்.

"படம் தட்டைதான். ஒருத்தர் ஆகான்னா எல்லாரும் ஆகா. தனக்குத் தெரியலைன்னு சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கு?" என்பார்.

அவர் கணவர் ராய், சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு முப்பரிமாணப் படம் பார்த்தார்கள். மீன் ஒன்று மூக்கு வரைக்கும் நீந்தி வந்தது என்று ராய் சொல்ல, புளுகு என்றார் வெர்னா. அதன்பின் முப்பத்தாறு வருடம், ராய் எதைச் சொன்னாலும் ஒரே பதில்: "மீன் வந்துச்சுன்னு சொன்ன ஆள்தானே நீ?"

போன ஜனவரியில், மனைவிக்காக வாசலில் காத்திருந்த கண் மருத்துவர் ஹாகன், படம் தட்டைதான் என்ற வெர்னாவின் பேச்சைக் கேட்டார். ஒரு பென்சிலை நீட்டிப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து விரலால் அதன் முனையைத் தொடச் சொன்னார். வெர்னாவின் விரல் மூன்று முறையும் காற்றைத்தான் தொட்டது.

"உங்க ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யலை, அதனால எது கிட்ட, எது தூரம்னு பிரிஞ்சு தெரியாது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்."

"அப்ப இவங்கல்லாம்?"

"நிஜமாவே பாக்குறாங்க."

அடுத்த காட்சிக்கு வெர்னா தன் வழக்கமான எச்சரிக்கை இல்லாமல் கண்ணாடி கொடுத்தார். அப்படி அவர் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான். கூட்டம் உள்ளே போனதும் வீட்டுக்குத் தொலைபேசினார்.

"ராய், அந்த மீன் வந்துச்சா?"

மறுமுனையிலிருந்து "மூக்கு வரைக்கும் வந்துச்சு, வெர்னா" என்ற குரல் எனக்கே கேட்டது.

"சரி. மன்னிச்சுக்கோ."

கண்ணுக்குப் பயிற்சி செய்தால் கொஞ்சம் பலன் கிடைக்கலாம் என்றார் ஹாகன்.

"கிடைக்காட்டி?"

"இப்ப இருக்கிற மாதிரியே இருப்பீங்க."

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று அதோடு விட்டுவிட்டார் வெர்னா.

பேச்சு மட்டும் மாறிவிட்டது. "நடுவுல பாத்து உக்காருங்க. போகும்போது என்னென்ன வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போகணும்." ஜனங்களும் நின்று சொல்கிறார்கள்: திமிங்கிலத்தின் வால், தீப்பொறி, ஒரு குதிரை. வெர்னா தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். நம்பாதது போல அவ்வப்போது ஒரு குறுக்குக் கேள்வி.

சென்ற ஞாயிறு மதியம் அவருக்கு விடுமுறை. ராயுடன் படம் பார்க்க வந்திருந்தார். அவர்களுக்குப் பின்வரிசையில் நான் உட்கார்ந்தேன். வெர்னா கண்ணாடியும் போடவில்லை, திரையையும் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து ராயையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஏதோ பாய்ந்து வந்தது. ராய் தலையைப் பின்னுக்கு இழுத்தார். அந்த நொடியே வெர்னா தன் அகன்ற உள்ளங்கையை நீட்டி, அது மேலே படாதபடி அவர் முகத்தை மறைத்துப் பிடித்தார்.